யார் நியமிப்பது, யாருக்குப் பதில் சொல்வது?
அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தலைமை மாற்றங்கள்: நெய்வேலியிலிருந்து ஓர் ஆய்வு

1. கேள்வி

2024 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ராம. கதிரேசனின் மூன்றாண்டுப் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த துணைவேந்தர் அப்போது நியமிக்கப்படவில்லை. நிர்வாகம் ஒரு பொறுப்புக் குழுவின் கைக்குப் போனது. தமிழ்நாட்டில் இது தனித்த நிகழ்வன்று. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் துணைவேந்தர்களின் காலம் முடிந்து இருக்கைகள் காலியாகிவிட்டிருந்தன.

இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, நியமன அதிகாரம் ஆளுநருக்கா மாநில அரசுக்கா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நிற்கிறது. அரசமைப்பு நோக்கில் அது முக்கியமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்கு எந்த விடை கிடைத்தாலும், நெய்வேலி நகரியத்தில் ஜவகர் அறிவியல் கல்லூரியில் படிக்கும் மாணவிக்கு என்ன மாறும்? அவருடைய பட்டம் சிதம்பரத்திலிருந்து வருகிறது. தேர்வு முடிவு, மறுமதிப்பீடு, மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் எல்லாம் அங்கிருந்தே வரவேண்டும். தலைமை மாற்றத்தை அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் வாதம் இது: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நியமன அதிகாரம் கைமாறியிருக்கிறது, பல்கலைக்கழகத்தின் எல்லையும் விரிந்திருக்கிறது. ஆயினும் நியமிக்கப்பட்டவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டும், இருக்கை காலியாகும் நாளில் என்ன நடக்கவேண்டும் என்ற இரண்டும் எந்தக் கட்டத்திலும் தீர்க்கப்படவில்லை. இன்றைய நெருக்கடியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2. நிறுவனர் காலம்: கொடையும் அதன் விலையும்

1920-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அக்கல்லூரி உள்ளிட்ட கல்வி நிலையங்களை அடித்தளமாகக் கொண்டு 1929-இல் பல்கலைக்கழகம் உருவானது. நிறுவனர் அளித்த கொடை 20 லட்ச ரூபாய். அன்றைய மதிப்பில் அது மிகப்பெரும் தொகை. ஆளுநர் வேந்தராகவும், நிறுவனரும் அவருக்குப்பின் அவர் வழிவந்தவரும் இணைவேந்தராகவும் இருக்கச் சட்டம் வகை செய்தது. துணைவேந்தருக்கான மூன்று பெயர்களை நிறுவனர் பரிந்துரைப்பார். அவற்றுள் ஒன்றை வேந்தர் தெரிவு செய்வார். நியமன ஆணையில் ஆளுநரின் கையொப்பம் இருந்தாலும், உண்மையான தெரிவு நிறுவனரின் செட்டிநாட்டு அரச குடும்பத்திடம் இருந்தது.

இந்த ஏற்பாட்டைப் பற்றி இரு மதிப்பீடுகள் உண்டு. முதலாவது, அது அரசியல் தலையீட்டிலிருந்து பல்கலைக்கழகத்தைக் காத்தது என்பது. இதற்குச் சான்றுகள் இருக்கின்றன. வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தார். ஈழத்து விபுலானந்த அடிகள் இங்கே தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். தமிழிசை இயக்கத்துக்கு நிறுவனர் கொடுத்த ஆதரவு தென்னிந்திய இசை வரலாற்றில் பதிவான செய்தி. அரசு அலுவலகத்தின் கோப்புகளால் மட்டும் இவை நடந்திருக்குமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது மதிப்பீடு 2012-இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் கடும் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி ஆட்குறைப்பு, சம்பளக் குறைப்பு பற்றி நிர்வாகம் பேசத் தொடங்கியது. ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், பல்கலைக்கழகம் மூடப்பட்டது. ஆசிரியர்களும் அலுவலர்களுமாக 12,000-க்கும் மேற்பட்டோர் அப்போது பணியில் இருந்தார்கள். தேவைக்கு மிஞ்சிய இந்த எண்ணிக்கை ஓரிரு ஆண்டுகளில் வந்ததன்று. வேலைக்கு ஆள் எடுக்கும் முடிவை வெளியிலிருந்து யாரும் கேள்வி கேட்க முடியாத ஓர் அமைப்பு பல ஆண்டுகள் இயங்கியதன் விளைவு அது. அரசியல்வாதிகளிடமிருந்து காக்கப்பட்ட தலைமை, கணக்குக் கேட்பவர்களிடமிருந்தும் காக்கப்பட்டிருந்தது.

3. 2013: அரசு ஏற்றது, எது மாறியது?

2013 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி சிவ்தாஸ் மீனாவைப் பல்கலைக்கழக நிர்வாகியாக நியமித்தது. அப்போதைய துணைவேந்தர் எம். ராமநாதன் இடைநீக்கம் செய்யப்பட்டார். தொடர்ந்து அதே ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம், 2013 இயற்றப்பட்டது. நிறுவனர் குடும்பத்தின் உரிமைகள் முடிவுக்கு வந்தன. இணைவேந்தராக இருந்த எம்.ஏ.எம். ராமசாமி விலக நேர்ந்தது. 2015-இல் எஸ். மணியன் துணைவேந்தராகும்வரை ஏறத்தாழ ஈராண்டுகள் பல்கலைக்கழகம் நிர்வாகியின் கீழ் இருந்தது. 2018-இல் வே. முருகேசன், 2021-இல் கதிரேசன் என நியமனங்கள் தொடர்ந்தன.

அரசு ஏற்றதால் பல ஆயிரம் குடும்பங்களின் சம்பளம் காப்பாற்றப்பட்டது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மிகைப்பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் பிற அரசு அலுவலகங்களுக்கும் அயற்பணியில் அனுப்பப்பட்டார்கள். கணக்குகள் தணிக்கைக்கு வந்தன. நிர்வாக ஒழுங்கு என்ற அளவில் இது வெற்றிதான்.

மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தே 2013-இல் அரசின்கீழ் வந்தது. ஆனால் கட்டணம் அரசுக் கட்டணமாக மாறவில்லை. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய்க்கு மேல் கட்டவேண்டியிருந்தது. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராடத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தாக்குப்பிடித்தார்கள். அதன்பிறகே, 2021 தொடக்கத்தில், கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது, கட்டணமும் குறைந்தது. தலைமை மாறிய ஆண்டு 2013. மாணவருக்குப் பயன் கிடைத்த ஆண்டு 2021. இடையில் கழிந்த காலத்தில் ஒரு முழு மருத்துவப் படிப்பே முடிந்துவிடும். அந்த மாற்றமும் மேலிருந்து தானாக வரவில்லை. கீழிருந்து கேட்டதால் வந்தது.

தொலைநிலைக் கல்வியில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. அண்ணாமலையின் தொலைநிலைக் கல்வி நாட்டின் பெரிய அமைப்புகளுள் ஒன்றாக இருந்தது. நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பாடம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தொலைநிலைப் படிப்புகளுக்கான அங்கீகாரம் 2014-15 கல்வியாண்டு வரைதான் இருந்தது. அதன்பின் நடத்தப்பட்டவை அங்கீகாரம் இல்லாதவை என்று அது எச்சரித்தது. மானியக் குழுவும் பல்கலைக்கழகமும் அதிகார எல்லை பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், மாணவர் சேர்க்கை நடந்துகொண்டுதான் இருந்தது. நிர்வாகி, துணைவேந்தர்கள், வேந்தர், அரசு என்று இத்தனை பேர் மேலே இருந்தும், சேரும் மாணவரிடம் நிலைமையைத் தெளிவாகச் சொல்லும் பொறுப்பு எவருடையது என்று வரையறுக்கப்படவில்லை.

4. எல்லைகள் நகர்ந்தன: நெய்வேலியின் அனுபவம்

ஒரு கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருக்கிறது என்பதும் தலைமை மாற்றத்தின் ஒரு வடிவமே. இதை நெய்வேலி நேரடியாக அறிந்திருக்கிறது.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்தன. சிதம்பரம் பக்கத்திலேயே இருந்தாலும், அண்ணாமலை அப்போது இணைவுக் கல்லூரிகள் இல்லாத ஒருமைப் பல்கலைக்கழகம். 2002-இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபோது, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ் சென்றன. நெய்வேலியிலிருந்து வேலூர் 150 கிலோமீட்டருக்கும் அப்பால். ஒரு சான்றிதழில் பெயர்ப்பிழை திருத்த வேண்டுமென்றால் பெற்றோருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். திருத்தம் அன்றே கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது.

2021 பிப்ரவரியில் அ.தி.மு.க. அரசு விழுப்புரத்தில் டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை உருவாக்கச் சட்டம் இயற்றியது. ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டு 31 அன்று, அந்தப் பல்கலைக்கழகத்தை அண்ணாமலையுடன் இணைக்கும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. அ.தி.மு.க. உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இதன் விளைவாகக் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களின் கல்லூரிகள் அண்ணாமலையின்கீழ் வந்தன. ஒருமைப் பல்கலைக்கழகமாகப் பிறந்து, தொண்ணூறு ஆண்டுகளுக்குமேல் அப்படியே இயங்கிய நிறுவனம், பல கல்லூரிகளை மேற்பார்வையிடும் இணைவுப் பல்கலைக்கழகமாக மாறியது.

இந்த முடிவை ஆதரிப்போர் சொல்வது சரியே. புதிதாக ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கட்டடமும் ஆட்களும் தேடுவதைவிட, மாவட்டத்திலேயே இருக்கும் பழைய நிறுவனத்தைப் பயன்படுத்துவது சிக்கனம். நெய்வேலி மாணவருக்கு வேலூரைவிடச் சிதம்பரம் கைக்கெட்டிய தூரம். எதிர்ப்போர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. நிதிச் சுமையிலிருந்து இன்னும் மீளாத ஒரு நிறுவனத்தின்மேல், அதற்குப் பழக்கமில்லாத பெரும்பணி ஏற்றப்பட்டது. வெளிக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு நடத்துவது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் வளாகத்துக்குள் மட்டும் நடத்திய தேர்விலிருந்து முற்றிலும் வேறான வேலை. அந்த வேலை நிலைபெற முழுநேரத் தலைமை தேவை. இணைவுப் பணியின் முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே இருக்கை காலியானது.

காலியிடத்தின் விளைவை மிகைப்படுத்தவும் கூடாது. பொறுப்புக் குழு இருக்கும்போதும் தேர்வுகள் நடக்கின்றன, முடிவுகள் வருகின்றன. தடைபடுவது நீண்டகால முடிவுகள்: ஆசிரியர் நியமனம், புதிய துறை, பாடத்திட்டச் சீரமைப்பு, நிதித் திட்டம். குழுவின் உறுப்பினர்களுக்குச் சொந்தப் பணிகள் வேறு இருக்கும். நாளை ஒரு துணைவேந்தர் வந்துவிடுவார் என்ற நினைப்பில், பெரிய முடிவு எதையும் எடுக்காமலிருப்பதே பாதுகாப்பு என்று அவர்கள் கருதுவது இயல்பு. நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் பட்டதாரி அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும், நெய்வேலியை அடுத்த மந்தாரக்குப்பத்து இளைஞருக்கு, சான்றிதழும் அதன் உண்மைத்தன்மைச் சரிபார்ப்பும் குறித்த நாளுக்குள் வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களில் முதல் பட்டதாரிகள் பலர் இப்படி வரிசையில் நிற்கிறார்கள். அந்த நாள் எவருடைய நியமனத்துக்காகவும் தள்ளிப்போகாது.

5. யார் நியமிப்பது: மூன்று வாதங்கள்

ஆளுநர் தரப்பு வாதம் இது: வேந்தர் என்ற முறையில் ஆளுநர் கட்சி சார்பற்றவர், மாநில அரசின் கையில் நியமனம் போனால் துணைவேந்தர் பதவி கட்சிக்காரர்களுக்குப் போகும். இதை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரே லஞ்ச வழக்கில் கைதானார். அதே ஆண்டு அக்டோபரில், துணைவேந்தர் நியமனங்களில் கோடிக்கணக்கில் பணம் கைமாறியது என்று அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் வெளிப்படையாகப் பேசினார். ஆனால் அந்த நியமன ஆணைகளில் கையொப்பமிட்டதும் வேந்தர் அலுவலகமே. ஆகவே இதே சான்று ஆளுநர் தரப்புக்கும் எதிராகத்தான் நிற்கிறது.

மாநில அரசின் வாதம்: சம்பளம் கொடுப்பதும் மக்களுக்குப் பதில் சொல்வதும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு, ஆளுநரோ ஒன்றிய அரசால் நியமிக்கப்படுபவர். குஜராத்தில் துணைவேந்தரை மாநில அரசே நியமித்துவந்ததை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 ஏப்ரல் 25 அன்று பேரவையில் எடுத்துக்காட்டினார். வேந்தர் போன்ற பொறுப்புகளை ஆளுநர்மேல் சுமத்தக் கூடாது என்று 2010-இல் ஒன்றிய-மாநில உறவுகள் பற்றிய பூஞ்சி ஆணையம் பரிந்துரைத்திருந்தது. இதற்கு முந்தைய சர்க்காரியா ஆணையமோ, வேந்தர் முதலமைச்சரைக் கலந்தாலோசிக்கலாம், ஆனால் அந்த ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்ற நிலையை எடுத்தது. ஆணையங்களே ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

மூன்றாவது தரப்பு பல்கலைக்கழக மானியக் குழு. 2018 விதிமுறைகளின்படி தேடல் குழுவில் மானியக் குழுத் தலைவரின் பிரதிநிதி இருக்கவேண்டும்; மூன்று முதல் ஐந்து பெயர்கள் கொண்ட பட்டியல் வேண்டும். 2022-இல் கேரளத்தின் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை, ஒரே பெயர் பரிந்துரைக்கப்பட்டது உள்ளிட்ட விதிமீறல்களுக்காக உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் மூவர் குழுவா, மானியக் குழுப் பிரதிநிதியோடு நால்வர் குழுவா என்ற தகராறிலேயே 2023-இல் தேடல் பணி நின்றுபோனது.

இதற்கிடையே, மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தராததை எதிர்த்து மாநில அரசு தொடுத்த வழக்கு நீண்டது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, ஆளுநர் நிறுத்திவைத்திருந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் சட்டப்பிரிவுகளுக்கு மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்த கருத்து, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்றும், ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறை அரசமைப்பில் இல்லை என்றும் கூறியது.

இந்த வரிசையைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒவ்வொரு தரப்பும் மற்ற தரப்பின் கையில் அதிகாரம் சேர்ந்தால் வரும் கேட்டைச் சரியாகவே காட்டுகிறது. தன் கையில் சேர்ந்தால் அதே கேடு வராது என்பதற்கு எந்தத் தரப்பும் போதிய உறுதி தரவில்லை.

6. இரண்டு ஒப்பீடுகள்

முதல் ஒப்பீடு நெய்வேலிக்கு உள்ளேயே இருக்கிறது. 1956-இல் தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், இன்றைய என்.எல்.சி. இந்தியா, தலைவரைப் பொதுத்துறை நிறுவனங்கள் தேர்வு வாரியத்தின் வழியாகப் பெறுகிறது. பதவி எந்த நாளில் காலியாகும் என்பது முன்பே தெரியும். அதற்குமுன் விளம்பரமும் நேர்காணலும் நடக்கும். பரிந்துரைக்கப்பட்டவர் பெயர் வெளியிடப்படும். 2022 டிசம்பர் இறுதியில் ராகேஷ் குமார் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே பிரசன்ன குமார் மோட்டுப்பள்ளி பொறுப்பேற்றார். இம்முறையும் குறையற்றதன்று. அமைச்சகத்தின் செல்வாக்கு அதில் உண்டு, காலதாமதங்களும் நேர்ந்திருக்கின்றன. நிறுவனம் வேறு, பல்கலைக்கழகம் வேறு என்ற மறுப்பும் சரிதான். ஆயினும் சுரங்கமும் அனல்மின் நிலையமும் தலைவர் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாகாது என்று கருதும் அரசு, பல்கலைக்கழகம் அப்படிக் கிடக்கலாம் என்று கருதுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இரண்டாவது ஒப்பீடு கலிபோர்னியா. பத்து வளாகங்கள் கொண்ட அந்த அரசுப் பல்கலைக்கழக அமைப்பை ஆட்சிக் குழு ஒன்று நிர்வகிக்கிறது. 26 உறுப்பினர்களில் 18 பேரை மாநில ஆளுநர் 12 ஆண்டுக் காலத்துக்கு நியமிக்கிறார். மாணவர் ஒருவரும் உறுப்பினர். காலம் நீண்டதாக இருப்பதால், ஒரே ஆளுநர் குழு முழுவதையும் எளிதில் மாற்றிவிட முடியாது. 2025 ஆகஸ்டில் மைக்கேல் டிரேக்கிடமிருந்து ஜேம்ஸ் மில்லிகன் தலைவர் பொறுப்பை ஏற்றபோது, அவர் பெயர் மூன்று மாதங்களுக்கு முன்பே, மே மாதத்தில் அறிவிக்கப்பட்டிருந்தது. இந்த அமைப்பும் அரசியலிலிருந்து முழுப் பாதுகாப்புத் தரவில்லை. ரொனால்டு ரீகன் ஆளுநரான சில வாரங்களில், 1967 ஜனவரியில், புகழ்பெற்ற தலைவர் கிளார்க் கெர் நீக்கப்பட்டார். அரசியலை அகற்ற முடியாது. ஆனால் முடிவெடுப்போர் யார், எந்த நாளில், எவர் முன்னிலையில் என்பதை வெளிப்படையாக்க முடியும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

7. செய்யத்தக்கவை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து நான்கு முடிவுகளை முன்வைக்கிறேன். ஆளுநர் நியமித்தாலும் அரசு நியமித்தாலும் இவை பொருந்தும்.

முதலாவது, பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன் தேடல் குழு அமைவதைச் சட்டமே கட்டாயமாக்கவேண்டும். ஒரு தரப்பு பிரதிநிதியை அனுப்பாவிட்டால், மீதியுள்ள உறுப்பினர்கள் பணியைத் தொடரும் பிரிவும் வேண்டும்.

இரண்டாவது, குறித்த நாளில் நியமனம் நடக்காவிட்டால், பணிமூப்பில் முதலில் நிற்கும் பேராசிரியர் முழு அதிகாரத்துடன் பொறுப்பேற்கவேண்டும். வேறு பணி உள்ளவர்களின் குழுவைவிட, முழுநேரமும் அங்கேயே இருக்கும் ஒருவரிடம் கேள்வி கேட்பது எளிது.

மூன்றாவது, தேடல் குழுவின் பட்டியலும், தெரிவுக்கான காரணமும் வெளியிடப்படவேண்டும். பணம் கைமாறும் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட வலுவான மருந்து கிடையாது.

நான்காவது, ஆட்சிப் பேரவையிலும் ஆட்சிக் குழுவிலும் இணைவுக் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் போதிய இடம் வேண்டும். சான்றிதழ், மறுமதிப்பீடு, திருத்தம் ஆகியவற்றுக்கு எத்தனை நாள் ஆனது என்ற ஆண்டறிக்கையைத் துணைவேந்தர் அவர்கள்முன் வைக்கவேண்டும்.

8. முடிவாக

1929-இன் ஏற்பாடு கொடையாளியின் நல்லெண்ணத்தை நம்பியது. 2013-இன் ஏற்பாடு அரசின் நல்லெண்ணத்தை நம்பியது. இன்று நீதிமன்றங்களில் நடக்கும் வாதம், ஆளுநர், அமைச்சரவை ஆகிய இருவரில் எவருடைய நல்லெண்ணத்தை நம்பலாம் என்பதைப் பற்றியது. நல்லெண்ணத்தை நம்பிய ஏற்பாடுகள் எப்படி முடியும் என்பதை 2012-இன் ஊழியர்களும், 2020-இன் மருத்துவ மாணவர்களும், தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவர்களும் தங்கள் வாழ்க்கையில் அனுபவித்துவிட்டார்கள்.

அடுத்த தலைமை மாற்றத்தை அளக்க இனி வேறு அளவுகோல் வேண்டும். யார் வென்றார் என்பதைவிட, இணைவுக் கல்லூரி ஒன்றின் கடைசி வகுப்பு மாணவர் கேட்கும் கேள்விக்கு எத்தனை நாளில் யார் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது அதில் முதலிடம் பெறவேண்டும். அதைச் சட்டத்தில் எழுதிவிட்டால், நியமன அதிகாரம் எவர் கையில் இருந்தாலும் பல்கலைக்கழகம் நிற்கும். எழுதாமல் விட்டால், எந்தத் தீர்ப்பு வந்தாலும் அடுத்த மூன்றாண்டுக் காலம் முடியும் நாளில் இதே கேள்வி திரும்பவும் எழும்.